கால் எடுக்கும் இடம்

மோட்டார் பந்தயம் பார்க்கிறவன் நான் என்பது நண்பர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அதை என் விமர்சனக் கட்டுரைகளின் பலவீனங்களுக்கெல்லாம் காரணமாகச் சொல்லி வருகிறார். மற்றவர் கவிஞர். "பெட்ரோலை எரித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிற காரியத்தில் ஒரு படித்த மனிதனுக்கு என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டார். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது கவிதைக்குப் புதிதில்லையே என்று அவரை மடக்கிவிட்டேன். மடக்கியது பதிலாகாது என்பது பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பதிலை இப்போது எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் சரித்திரமாகவும் கொஞ்சம் என் குடும்பத்துச் சமாச்சாரமாகவும் இருக்கும். வேறு விதமாக எனக்கு அதைச் சொல்ல வரவில்லை.

எளாவூர், சென்னையிலிருந்து கல்கத்தா போகிற நெடுஞ்சாலையில், தமிழ்நாடு முடிவதற்குச் சற்று முன்பாக இருக்கிறது. ஊரைத் தெரியாதவர்களுக்கும் சோதனைச் சாவடியைத் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை ஒழிகிற வரைக்கும் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வரிசையைத் தாண்டியதும் ஒவ்வொரு டிரைவரும் இழந்த நேரத்தை ஆக்ஸிலேட்டரில் தேடுவான். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வங்கியில் குமாஸ்தா. சாலை விபத்தில் அப்பனையோ அம்மாவையோ இழந்த குழந்தைகளுக்குத் தீர்ப்பாயம் நஷ்ட ஈடு விதிக்கும்போது, மைனரின் பங்கைப் பதினெட்டு வயது நிரம்பும் வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார்கள். உத்தரவின் நகலை வைத்துக்கொண்டு பெயர், பிறந்த தேதி, முதிர்வுத் தேதி எல்லாம் எழுதி ரசீது போடுகிற வேலை பல வருஷம் என் மேஜையில் இருந்தது. உத்தரவில் விபத்து நடந்த விதம் சில வரிகளில் முடிந்துவிடும். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்ற இரண்டு வார்த்தைகள் இல்லாத நகல் என் கைக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. வாரநாட்களில் இந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபார்முலா ஒன் பார்க்கிறவன், நண்பருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் தனக்கே ஒரு பதில் சொல்லிக்கொள்ள வேண்டியவனாகிறான்.

வேகம்தான் கவர்ச்சி என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டை மாடிகளிலிருந்து தெரியும். சுற்றுப்பாதையை எட்டும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். மனிதன் செய்த பொருள்களில் அதைவிட வேகமானதை எங்கள் ஊரில் யாரும் வெறும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனால் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் பார்ப்போம்; பிறகு பால் பொங்குகிறது என்று யாராவது கூப்பிடுவார்கள், இறங்கிப் போய்விடுவோம். இந்த வேகத்தில் ஒரு சொச்சம்கூட இல்லாத காரைப் பார்க்க ஜனங்கள் வெயிலில் இரண்டு நாள் நிற்கிறார்கள். ராக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இப்போதா, இன்னும் கொஞ்சம் தள்ளியா என்று யோசிக்கிறவன் யாரும் இல்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இலக்கியத்தில் இந்த விஷயத்தைக் கெடுத்தவர் மாரினெட்டி. 1909 பிப்ரவரி 20ஆம் தேதி பாரிஸில் 'லெ ஃபிகாரோ' பத்திரிகையில் வெளியான அவருடைய எதிர்காலவாத அறிக்கை, பந்தயக் காரைச் சாமோத்ரேஸின் கிரேக்கச் சிலைக்கு மேலாக வைத்தது. ஆங்கிலம் படித்த நம் தலைமுறைகள் இதைப் பாடமாகவே படித்திருக்கின்றன. பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. முந்தின வருஷம் தன் காரை ஓட்டிக்கொண்டு போனவர், எதிரே இரண்டு சைக்கிள்காரர்கள் வந்ததால் திருப்பப் போய், வண்டியோடு பள்ளத்துச் சேற்றில் கவிழ்ந்தார். அந்தச் சேற்றிலிருந்து எழுந்துதான் அறிக்கை பிறந்ததாக அவரே அதில் எழுதுகிறார். வேகத்தின் மகாகவி, பிரேக்கை எங்கே போடுவது என்று தெரியாத டிரைவர். அந்தச் சைக்கிள்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்த அறிக்கையும் வரவில்லை. எங்கள் நெடுஞ்சாலை ஓரம் சைக்கிளில் போகிற எவரைக் கேட்டாலும் சொல்லுவார். பின்னால் ரோலான் பார்த் 'மிதாலஜீஸ்' (1957) நூலில் சிட்ரன் காரைப் பற்றி மிக நுட்பமாக எழுதினார். ஆனால் அது கண்காட்சியில் நிற்கிற கார். ஜனங்கள் தொட்டுப் பார்க்கிற கார். ஓடுகிற காரைப் பற்றி எழுத விமர்சனத்துக்கு ஏனோ கை வரவில்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் எதையும் படித்தவர் இல்லை. செங்குன்றத்தில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸ் அடிக்கிற பையனாகச் சேர்ந்து, பிரேக் வேலையில் கைதேர்ந்தவரானார். எளாவூரிலிருந்து அதே சாலையில் சென்னையை நோக்கி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சோழவரம். ஏரியைத்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது. அங்கே இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. யுத்தம் முடிந்த பின் விமானங்கள் வரவில்லை. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. ஐம்பதுகளிலேயே அந்தக் காலி ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடத் தொடங்கிவிட்டன. எண்பதுகளின் இறுதி வரை இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன், குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளம். 1950 மே 13ஆம் தேதி உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அங்கே நடந்தது; ஆல்ஃபா ரோமியோவில் ஃபரீனா ஜெயித்தார். குண்டு சுமந்து போவதற்காகப் போட்ட நீளமான கான்கிரீட், யுத்தம் முடிந்ததும் சும்மா கிடக்கிறது; அதைப் பார்த்த சிலருக்குக் கை குறுகுறுக்கிறது. சில்வர்ஸ்டோன் அந்த விளையாட்டின் க்ஷேத்திரமாகிவிட்டது. சோழவரம் பாதுகாப்புத் துறையின் நிலமாகவே இருந்து, இரவலாகவே பயன்பட்டு, மறுபடி மௌனத்துக்குப் போய்விட்டது. 1990இல் கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சொந்தமாக ஒரு பாதை அமைத்துக்கொண்டது. அப்போது நான் கைக்குழந்தை. ஆக, சோழவரத்துப் பந்தயத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன் என்பதை ஒளிக்கவில்லை. சரித்திரம் எழுதுகிற எல்லோருடைய கதியும் அதுதான்.

மாமா சொல்கிற சோழவரம் இப்படி: பந்தயத்தன்று பட்டறைக்கு ஆள் வராது. லாரிகளில் தொற்றிக்கொண்டும், சைக்கிளிலும், ஏரிக்கரை ஓரமாக நடந்தும் ஜனங்கள் போவார்கள். பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்காரும் கூட்டம் வேறு. அவர்கள் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார்கள், அவர்களுடைய பெண்டிர் குடை பிடித்திருப்பார்கள். மாமாவின் கூட்டம் ஓடுதளத்தின் கோடியில், வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கி வைத்திருக்கிற திருப்பத்தில், புழுதியில் நிற்கும். நேர்ப்பாதையில் நின்று பார்த்தால் வண்டி எப்படிப் பறக்கிறது என்று தெரியும். அங்கே நிற்கிறவர்களை மாமாவின் கூட்டம் மதிப்பதில்லை.

"நேரா போறதுல இன்னாடா கீது? கால வச்சி அமுக்குனா எந்த முட்டாளும் நேரா போவான். எங்க கால எடுக்கிறான்னு பாரு. அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்."

இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. டெலிவிஷனில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் படித்த எந்த வியாக்கியானமும் இந்த நான்கு வாக்கியங்களைத் தாண்டிப் போனதில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 83 மீட்டர். பிரேக்கை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தள்ளிப் போட்டால் வண்டி எட்டு மீட்டர் கூடுதலாக வந்துவிடும். இத்தாலியில் மோன்சாவின் முதல் திருப்பத்துக்கு 340க்கும் மேல் வருகிற ஃபார்முலா ஒன் கார், சுமார் இரண்டரை விநாடிக்குள் 90க்கும் கீழே இறங்க வேண்டும். கார்பன் தகடுகள் பழுத்துச் சிவக்கும். டிரைவரின் உடம்பு அதன் எடையைப் போல் ஐந்து மடங்கு கனத்தோடு பெல்ட்டில் போய் அழுந்தும். அந்த நிலையில் அவன் காலை வெறுமனே அழுத்தினால் போதாது. முதலில் முழு பலத்தோடு, பிறகு வேகம் குறையக் குறையச் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். நேர்ப்பாதையில் எஞ்சின் பேசுகிறது. எஞ்சின் தொழிற்சாலையில் பிறந்தது. திருப்பத்துக்கு முன்னாலுள்ள நூறு மீட்டரில்தான் ஒரு தனி மனிதனின் தீர்மானம், ஸ்தூலமாக, வெளியே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு எந்த விளையாட்டிலும் தீர்மானம் இவ்வளவு அப்பட்டமாக வெளிப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. முகம் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது, உடம்பு வண்டிக்குள் புதைந்திருக்கிறது, இருந்தும் அந்த ஆளை நமக்குத் தெரிந்துவிடுகிறது. நடிப்புக்கு அங்கே இடமில்லை. (நம் மேடைகளுக்கு இப்படி ஒரு திருப்பம் வைத்தால் எத்தனை பேச்சாளர்கள் தேறுவார்கள்?)

1979 ஜூலை 1ஆம் தேதி பிரான்சில் டிஜோனில் நடந்த பந்தயத்தின் பதிவு இப்போது யாருக்கும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் ஜெயித்தவர் ரெனோ காரில் ழபூய். சரித்திரப் புத்தகப்படி அது பெரிய வெற்றி. டர்போ எஞ்சின் பூட்டிய கார் ஒன்று ஃபார்முலா ஒன்னில் முதல் தடவையாக ஜெயித்தது அன்றைக்குத்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பின்னால் இரண்டாவது இடத்துக்காக வில்னவும் அர்னூவும் கடைசிச் சுற்றுகளில் போட்ட சண்டையைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் பிரேக்கைத் தள்ளிப் போடுகிறார், மற்றவர் அதற்கும் தள்ளிப் போடுகிறார். சக்கரங்கள் பூட்டிப் புகைகின்றன. இரண்டு கார்களும் உரசிக்கொள்கின்றன, பாதையை விட்டு வெளியே போய் உள்ளே வருகின்றன. இருந்தும் ஒருவன் மற்றவனுக்கு ஒரு கார் போகிற அகலத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் வில்னவ் இரண்டாவதாக வந்தார். பரிசு எதுவாக இருந்தாலும் அந்தச் சண்டையின் மதிப்பு கூடியும் இருக்காது, குறைந்தும் இருக்காது. மூன்று வருஷம் கழித்து, 1982 மே 8ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஸோல்டர் என்னும் இடத்தில் வில்னவ் இறந்துபோனார். இதை அந்தப் பதிவைப் பார்க்கும்போது மறந்திருக்க முடிவதில்லை.

சோழவரத்துக்குத் திரும்புகிறேன். அங்கே ஓடிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் அம்பாஸடர், ஃபியட், வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டு வண்டி கொண்டுவருவது லைசென்ஸும் சுங்கமும் சேர்ந்த மலை. கோண்டல் மகாராஜா போன்றவர்கள் அந்த மலையைத் தாண்டினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். மற்றவர்கள் ஃபியட்டின் எஞ்சினைப் பிரித்து, கூரையை வெட்டி, கனத்தைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, கல்யாண ஊர்வலத்துக்குப் போக வேண்டிய வண்டியைப் பந்தய வண்டியாக ஆக்கினார்கள். கண்டிப்பான யாப்புக்குள் எழுதுகிறவனின் காரியம் இது. வார்த்தை போதாது, சீர் இவ்வளவுதான், தளை தட்டக் கூடாது. இருப்பதை வைத்துக்கொண்டுதான் எதையாவது நிகழ்த்த வேண்டும். மாமாவின் கூட்டத்துக்கு மல்லையாவின் கார் ஒரு வேடிக்கைப் பொருள். வெட்டி ஒட்டிய ஃபியட்டைத்தான் அவர்கள் தீவிரமாகப் பார்த்தார்கள். அதன் ஒவ்வொரு நட்டும் அவர்கள் கை அறிந்தது. தங்களுக்குத் தெரிந்த பிரேக், தங்களுக்குத் தெரிந்த டிரம், அது எந்த இடத்தில் காய்ந்து தீய்ந்து பிடி விடும் என்பதும் தெரிந்ததே. அந்த இடத்தைத் தாண்டி ஒருவன் காலை எடுக்காமல் வந்தால் அது அவர்களுக்கு ஒரு செய்தி. ரசனை என்று நாம் சொல்லுகிற சமாச்சாரம் இதைவிட வேறானதாக எனக்குப் படவில்லை.

இதைப் புரிந்துகொண்டு ஒரு வடிவமாக ஆக்கியவர் கோயம்புத்தூர் கரிவரதன். சோழவரத்தில் ஓட்டியவர், ஓட்டியதோடு நிற்காமல் வண்டி கட்டியவர். எண்பதுகளின் இறுதியில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே வண்டி, கட்டுப்படியாகிற செலவு. எஞ்சினில் வித்தியாசம் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது ஆள் மட்டும்தான். 1995இல் ஒரு சிறிய விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். கோயம்புத்தூரில் ஒரு பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் செய்த வண்டியில் கற்றுக்கொண்ட கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியன் ஆனார். ஐந்து வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து கருண் சந்தோக். இருவருக்கும் கிடைத்தவை பின்வரிசைக் கார்கள். டெலிவிஷன்காரர்கள் அவர்களைக் காட்டுவது பெரும்பாலும் முன்னால் வருகிறவன் அவர்களைச் சுற்றில் தாண்டும்போதுதான்.

2005 ஜூன் 19 இரவு பதினொன்றரைக்கு அமெரிக்காவில் இண்டியனாபோலிஸ் பந்தயம். மாமா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் அந்த நான்கு வாக்கியங்களைச் சொன்னது அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் கடைசித் திருப்பத்தில் மிஷலின் டயர் ஒன்று பிய்ந்து ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியிருந்தது. அந்த வருஷத்து விதிப்படி பந்தயம் முழுவதையும் ஒரே ஜதை டயரில் ஓட்ட வேண்டும். எங்கள் டயர் அந்தத் திருப்பத்தைத் தாங்காது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்க அங்கே ஒரு நெளிவு போடலாமா என்று பேசினார்கள், முடிவுக்கு வரவில்லை. இருபது கார்களும் அணிவகுத்து ஒரு சுற்று வந்தன. பதினான்கு கார்கள் பந்தயம் துவங்குவதற்கு முன்பே உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பாதையில் பாட்டில்களை எறிந்தார்கள். அந்த ஆறில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியன் எடுத்த முதல் புள்ளிகள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். ஆறு பேரில் நான்காவது என்பதை மறைத்தேன். வீட்டில் நிலைமை வேறு. திருப்பிவிடப்பட்ட பதினான்கு கார்களை மாமா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாத்தான் செஞ்சானுங்க என்றார். தன் பட்டறையில் தேய்ந்த லைனிங்கோடு லாரியை எடுத்துப் போகிறேன் என்று நிற்கிற முதலாளிகளோடு சண்டை போட்டே ஆயுளைக் கழித்தவர். அன்றைக்கு உண்மையாகவே காலை எடுத்தவர்கள் அந்தப் பதினான்கு பேர்தான் என்பது எனக்கு வெகு காலம் கழித்துப் புரிந்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நண்பர் விடமாட்டார். பேசிவிடுகிறேன், சுருக்கமாக. சோழவரத்தில் என்சைன் ஓட்டிய மல்லையா 2008இல் ஃபோர்ஸ் இந்தியா என்று ஓர் அணியே வைத்துக்கொண்டார். 2009இல் பெல்ஜியத்தில் அவருடைய கார் இரண்டாவதாக வந்தது. 2016 மார்ச்சில் அவர் இந்தியாவை விட்டுப் போனபோது, விமானக் கம்பெனிக்குக் கொடுத்து வராத கடன் வட்டியோடு 9,000 கோடி ரூபாய் என்று வங்கிகள் சொல்லின. பயிர்க் கடன் பாக்கிக்காக ஆள் வீட்டு வாசலில் போய் நிற்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போது என் விமர்சன நிதானம் சற்றுக் குலைவதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். டெல்லிக்குப் பக்கத்தில் 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் ஃபார்முலா ஒன் நடந்தது. மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். பிறகு நடக்கவில்லை. வரித் தகராறு ஒரு காரணம். உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டு என்று ஏற்காமல் கேளிக்கை என்று வகைப்படுத்திக் கேளிக்கை வரி கேட்டது. அழகியல் பிரச்னை ஒன்றை வரி அதிகாரிகள் தீர்த்துவைத்த அபூர்வ சந்தர்ப்பம்.

இந்த விளையாட்டு பணக்காரர்களுடையது என்பது உண்மை. கர்னாடக சங்கீதத்தின் கச்சேரி சபாக்கள் யாருடையவை என்று நான் திருப்பிக் கேட்கலாம், கேட்கப் போவதில்லை. பார்ப்பது யாருடையது என்பதுதான் என் கேள்வி. சோழவரத்துத் திருப்பத்தில் புழுதியில் நின்றவர்களுக்கு அது சொந்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தத் திருப்பத்தில் நிற்பதைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். இலங்கையில் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21ஆம் தேதி ஒரு பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள்; ஒரு சின்னப் பெண்ணும் அதில் உண்டு. அந்தப் படத்தை நான் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவர்கள் என் மாமா நிற்கிற இடத்தில் நிற்கிறார்கள் என்பதுதான். அந்த அண்மைதான் எல்லாவற்றையும் கொடுத்தது. காலை எடுக்கிற இடம் தெரிய வேண்டுமானால் கிட்டத்தில் நிற்க வேண்டும். கிட்டத்தில் நிற்கக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் 59 வயது கே. இ. குமார் பந்தயத்தின்போது விபத்தில் இறந்தார். சென்னைக்காரர், பல காலம் ஓட்டியவர். அதே வருஷம் ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பையன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தான். வயது 13. முதலாவதை என்னால் எப்படியாவது ஜீரணிக்க முடிகிறது: ஒரு மனிதன், தெரிந்து, தேர்ந்து, வாழ்நாள் முழுதும் செய்த காரியம். இரண்டாவதற்கு என்னிடம் எந்த அழகியலும் இல்லை. 13 வயதில் ஒருவன் எங்கே காலை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறான் என்று சொல்வது, நான் இதுவரை எழுதியதையெல்லாம் ஏமாற்று வேலை ஆக்கிவிடும். என் மேஜைக்கு வந்த முதிர்வுத் தேதிகள் அந்த வயதுப் பிள்ளைகளுடையவை. அந்தச் செய்தி வந்த பிறகு சில மாதங்கள் நான் எந்தப் பந்தயமும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். அதற்குக் காரணம் சொல்லத் தெரியாததால் அதை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

நெடுஞ்சாலையின் மரணத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. 1994இல் இமோலாவில் ஏப்ரல் 30ஆம் தேதி ராட்சன்பெர்கரும் மறுநாள் சென்னாவும் இறந்த பின்னர், அந்த விளையாட்டு தன்னையே கூண்டில் நிறுத்திக்கொண்டது. பாதைகளை மாற்றினார்கள், கார்களை மாற்றினார்கள், டிரைவரின் கழுத்தைத் தாங்கும் சாதனம் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு மோதலுக்கும் காரணம் தேடப்படுகிறது. எங்கள் சாலையில் நடக்கிற மரணத்துக்கு இரண்டு வார்த்தைகள்தான் காரணம்; அவையும் அச்சடித்தாற்போல் ஒவ்வொரு உத்தரவிலும் அதே வார்த்தைகள். யாரும் அந்த டிரைவர் எங்கே காலை எடுத்திருக்க வேண்டும் என்று போய்ப் பார்ப்பதில்லை. பந்தயத்தில் அதைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்.

2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருப் பந்தயம் நடத்தினார்கள். முந்தின டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்ததால் தள்ளிப்போயிற்று. நகரத்துச் சாலைகளையே மூன்றரைக் கிலோமீட்டர்ப் பாதையாக்கி, நேப்பியர் பாலம் வழியாக, விளக்கு போட்டு, இரவில் ஃபார்முலா ஃபோர். அரசாங்கம் இதற்குச் செலவு செய்யலாமா என்று கோர்ட்டில் வழக்கு நடந்தது. கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கேட்டேன். கேட்டுவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினேன். செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு எழுபது ஆகிவிட்டது. ஒரு காது பட்டறையோடு போயிற்று. கான்கிரீட் கட்டைகளும் அதன்மேல் உயரமான கம்பி வலையும். எங்கள் இடத்திலிருந்து திருப்பம் தெரியவில்லை. வண்டிகள் வலைக்குப் பின்னால் கோடு கோடாகப் போயின. எனக்கு அவரை அழைத்து வந்ததே தப்போ என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவர் பாதையைப் பார்க்கவில்லை. கேட்கிற காதை அந்தப் பக்கம் திருப்பி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டியும் மறைந்த பிறகு எஞ்சின் சத்தம் எங்கே அறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். விரலால் தொடையில் தட்டினார். ஒன்று, இன்னொன்று, அப்புறம், "இவன் பரவால்ல" என்றார். எவன் என்று எனக்குத் தெரியவில்லை.

இரவு பஸ்ஸில் திரும்பினோம். சோழவரம் தாண்டும்போது இருட்டில் ஒரு பக்கமாகக் கையைக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். எதிரே வருகிற லாரிகளின் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கவரப்பேட்டை வந்ததும் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பஸ் சற்று உலுக்கி நின்றது, முன் சீட்டில் எல்லோரும் போய் இடித்துக்கொண்டோம். சைக்கிள்காரர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "லேட்டா எடுத்தான்" என்றார்.